வால்வின் வாயில் ஒரு சிட்டிகை மணல்

கோவையில் ஐந்து வருடம் ஒரு நாள்கூட மக்கர் செய்யாத வாஷிங் மெஷின், மேடவாக்கத்துக்கு வீடு மாறி இரண்டே மாதத்தில் நின்றுபோனது. துணியைப் போட்டு, பட்டனைத் தட்டினால் 'உர்ர்' என்று ஒரு சத்தம் வரும். தண்ணீர் நூல் பிடித்தமாதிரி இறங்கும். கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்று, திரையில் 'ஐ.இ.' என்று இரண்டு எழுத்து மின்னும். ஈரத்துணிகளைப் பார்த்தபடி, "போச்சு, புதுசுதான் வாங்கணும்" என்று அம்மா முடிவே கட்டிவிட்டார்.

வந்த மெக்கானிக் மெஷினைப் பிரிக்கவே இல்லை. பிளக்கைப் பிடுங்கினார், குழாயை மூடினார், பின்பக்கம் தண்ணீர் ஏறும் ஹோஸைக் கழற்றினார். வால்வின் வாய்க்குள் குறடை விட்டு, விரல்நுனி அளவே இருந்த பிளாஸ்டிக் வலை ஒன்றை மெல்ல இழுத்தார். வலைக்கண் ஒன்றுகூடத் தெரியவில்லை. பொடிமணலும் துருவும் வெள்ளைப் பொருக்கும் சேர்ந்து அப்பிக் கிடந்தன. பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவித் திரும்பச் செருகியதும் தண்ணீர் கொட்டியது. "மெஷின்ல ஒண்ணும் இல்லம்மா, தண்ணிதான் இப்படி" என்றார் அம்மாவிடம்.

அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அதன்பிறகு எங்கள் அடுக்ககத்தில் எந்த வீட்டு மெஷின் நின்றாலும் எட்டிப் பார்க்கிறேன். டாப் லோட் மெஷினில் வீட்டிலேயே சரிசெய்யக்கூடிய கோளாறுகளில் பெரும்பாலானவை தண்ணீரைப் பற்றியவை. எங்கிருந்து, எந்த வேகத்தில், எதைச் சுமந்துகொண்டு வருகிறது, எப்படி வெளியே போகிறது என்று பார்த்தாலே பாதிச் சிக்கல் அவிழ்ந்துவிடும்.

முதலில் வேகம். மாடியில் டேங்க், அதற்கு நேர்கீழே கடைசி மாடி வீடு. அவர்களுக்குத்தான் தண்ணீர் அமோகமாக வரும் என்று தோன்றும். நடப்பது நேர்மாறு. பத்து மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் தண்ணீருக்குத்தான் சுமார் ஒரு பார் அழுத்தம் கிடைக்கும். பல மெஷின்களுக்குக் குறைந்தது 0.3 பார் வேண்டும், அதாவது குழாய்க்கு மேலே மூன்று மீட்டராவது தண்ணீர் மட்டம் இருக்க வேண்டும். கடைசி மாடியில் மெஷின் குழாய்க்கும் டேங்குக்கும் நடுவே அவ்வளவு உயரமே இருக்காது. டேங்க் பாதி காலியானால் அழுத்தம் இன்னும் இறங்கும். தரைத்தள வீட்டில் இதே மெஷின் ஜோராக ஓடும். டேங்க்கை மேடை கட்டி உயர்த்தலாம், சின்ன பிரஷர் பம்ப் வைக்கலாம். அதுவரை பக்கெட்டால் மொண்டு ஊற்றினாலும் போதும். மேல்மூடி மெஷினில் இது ஒரு பெரிய சௌகரியம்: மட்டம் ஏறியதும் அது தானாகச் சுற்ற ஆரம்பித்துவிடும்.

மட்டம் ஏறியது மெஷினுக்கு எப்படித் தெரிகிறது? தொட்டியின் அடியிலிருந்து மேலே சென்சார் வரை ஒல்லியான ரப்பர் டியூப் ஒன்று போகிறது. தண்ணீர் ஏற ஏற டியூபுக்குள் அடைபட்ட காற்று நெருக்கப்படும். அந்த நெருக்கத்தைத்தான் சென்சார் மட்டமாகக் கணக்கிடுகிறது. டியூபின் அடிவாயில் சோப்புக் கசடு அடைத்தாலோ, டியூப் கழன்றாலோ, தண்ணீர் நிற்காமல் ஏறிக்கொண்டே போகும்.

இனி உப்பு, அதாவது தண்ணீரின் கடினத்தன்மை. குடிநீருக்கான இந்தியத் தரக்குறியீடு, கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது. வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை அனுமதிக்கிறது. கோவையில் எங்களுக்கு வந்த சிறுவாணித் தண்ணீரில் சோப்பு போட்டால் நுரை பொங்கும். எங்கள் போர்த் தண்ணீரில் நுரை வருவதற்குள் கை ஓய்ந்துவிடும். எவர்சில்வர் வாளியில் தண்ணீர் காய்ந்த இடத்தில் வெள்ளைக் கோடு விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் அதே சுண்ணாம்புதான் மெஷினின் உள்டிரம்முக்கும் வெளித்தொட்டிக்கும் நடுவே, கண்ணுக்குத் தெரியாத சந்தில் படிகிறது.

துணி வெளுக்கவில்லையே என்று நாம் இன்னும் ஒரு பிடி பவுடர் போடுகிறோம். கையால் துவைப்பதற்கான பவுடர் என்றால் நுரை கூடிப்போய், துணியோடு துணி உரசுவதே குறைந்துவிடும். அலசலில் போகாத பவுடர் சுண்ணாம்போடு சேர்ந்து பிசுக்காகப் படியும், அதில் பூஞ்சை பிடிக்கும். ஒருநாள் அப்பாவின் வெள்ளை வேட்டியில் மிளகுத்தூள் தூவியதுபோலக் கறுப்புப் பொடி. சாயம் என்று நினைத்து உதறினேன். விரலில் வழவழவென்று ஒட்டியது. அந்தச் சந்தில் சேர்ந்த பிசுக்குதான் உரிந்து வந்திருந்தது.

அதற்கு மருந்து சிட்ரிக் ஆசிட். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டாலும் சில இடங்களில் தருவார்கள். துணி எதுவும் போடாமல் டிரம்மை நிரப்பி, கை பொறுக்கும் சூட்டில் இரண்டு பக்கெட் வெந்நீரும் 100 கிராம் சிட்ரிக் ஆசிட்டும் சேர்த்து ஐந்து நிமிடம் சுற்றவிட்டு, பிளக்கைப் பிடுங்கி ஒரு மணி நேரம் ஊறவைப்பேன். பிறகு வடித்துவிட்டு இரண்டு முறை வெறும் தண்ணீரில் அலச வேண்டும். முதல்முறை வடிந்த தண்ணீரைப் பார்த்து அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டார். உப்புத் தண்ணீர் வீடுகளில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை செய்வது நல்லது. இதோடு பிளீச்சிங் பவுடரையோ பிளீச் திரவத்தையோ ஒருபோதும் கலக்காதீர்கள். அமிலமும் பிளீச்சும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. மார்பிள் தரையிலும் சிந்தவிடாதீர்கள், பளபளப்பு போய்விடும்.

தண்ணீர் வடியாவிட்டால் 'ஓ.இ.' என்று வரும். இந்த எழுத்துகள் எல்.ஜி. மெஷினுடையவை, மற்ற கம்பெனிகளில் மாறும், கூடவே வரும் கையேட்டில் இருக்கும். நம் ஊர் டாப் லோட் மெஷின்கள் பலவற்றில் வடிக்கப் பம்ப் கிடையாது. அடியில் உள்ள வால்வை ஒரு சின்ன மோட்டார் இழுத்துத் திறக்க, தண்ணீர் தானாக இறங்கி ஓடும். அதனால் டிரெயின் ஹோஸ் தரையோடு தரையாகக் கிடக்க வேண்டும். குளியலறை வாசற்படி மேல் ஏற்றிவிட்டால் தண்ணீர் உள்ளேயே நிற்கும். ஹோஸ் சரியாகக் கிடந்தும் வடியவில்லையென்றால் வால்வில் ஏதோ சிக்கியிருக்கிறது. எதிர்வீட்டு மெஷினிலிருந்து ஒரு ஊக்கு, இரண்டு ஒரு ரூபாய் நாணயம், பள்ளிச் சட்டையின் பித்தான் எல்லாம் வந்தன. துவைக்கும் முன் பையைத் துழாவுவதும், டிரம்முக்குள் இருக்கும் நூல் வலையை ஒவ்வொரு முறையும் உதறுவதும் அலுப்பான வேலைதான். ஆனால் அந்த வால்வைக் கழற்றுவது அதைவிடப் பெரிய வேலை.

ஸ்பின்னில் மெஷின் தடதடவென்று நடந்து வருவதற்கு, பெரும்பாலும் ஒற்றைப் போர்வை ஒரு பக்கமாய்ச் சுருண்டுகொள்வது காரணம். மூடியைத் திறந்து பரத்திவிட்டால் அடங்கும். காலியாக இருக்கும்போதும் ஆடினால் நான்கு கால்களும் சமமா என்று பாருங்கள். டிரம்மைக் கையால் அமுக்கிவிட்டுப் பாருங்கள்: ஒருமுறை எழும்பி அமர வேண்டும். ஊஞ்சல்போல ஆடிக்கொண்டே இருந்தால் அதைத் தாங்கும் தொங்குகம்பிகள் தளர்ந்துவிட்டன என்று பொருள்.

எலியையும் மறக்க முடியாது. மெஷினின் அடிப்பக்கம் திறந்தே இருக்கும். உள்ளே வெதுவெதுப்பு, கடிக்க ஒயர். அடியில் மாட்டும் எலித் தடுப்புத் தட்டு கடையிலேயே கிடைக்கும், வாங்கும் நாளிலேயே போடச் சொல்லுங்கள்.

மெஷினின் உடம்பில் கை வைத்தால் சுள்ளென்று ஷாக் அடிக்கிறதா, அதற்குமேல் அதைத் தொடாதீர்கள். மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் பார்க்கச் சொல்லுங்கள். மோட்டார் ஹம் என்று முனகி, சுற்றாமல் நின்றால் அது கெபாசிட்டராகவோ பெல்ட்டாகவோ இருக்கலாம். கெபாசிட்டர் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும் என்பதால் அங்கே நம் கை போகக் கூடாது. மெக்கானிக்குக்குப் போன் செய்யும்போது "மெஷின் ஓடலை" என்று மட்டும் சொல்லாமல், "தண்ணி ஏறுது, துவைக்குது, வடியலை, ஸ்பின்னும் ஆகலை" என்று நடப்பதை அப்படியே சொல்லுங்கள். பல மாடல்களில் வால்வை இழுக்கும் அதே மோட்டார்தான் ஸ்பின்னுக்கான கிளட்ச்சையும் மாற்றுகிறது. நீங்கள் சொன்னதைக் கேட்டதும் அவர் அந்த மோட்டாரைப் பையில் போட்டுக்கொண்டே கிளம்பிவிடுவார்.