ஆய்வுக்கூடத்திலிருந்து வழக்கு மன்றத்துக்கு

மும்பை மாநகரில், மாதுங்காவுக்குக் கிழக்கே வடாலாவை அடுத்துள்ள ஆன்டாப் ஹில் பகுதியில், மத்திய அரசின் காப்புரிமை அலுவலகம் அமைந்துள்ளது. பேடண்ட் என்ற பெயரால் பலரும் அறிந்த இவ்வுரிமை, தம் கண்டுபிடிப்பை உலகறிய வெளியிடுபவருக்கு, விண்ணப்பித்த நாள் முதல் 20 ஆண்டுகளுக்கு அதனைப் பிறர் செய்யாவண்ணம் தடுக்கும் அதிகாரத்தை அளிக்கிறது. கண்டுபிடிப்பு ஓர் இயந்திரமாயின் இதனால் விளைவது பெரும்பாலும் வணிகப் போட்டியே. அது மருந்தாயின், தாராவியின் சந்துகளில் காசநோயாளிகளைத் தேடிச் செல்லும் களப்பணியாளரின் கையில் எந்த மாத்திரை இருக்கும் என்பதும் இவ்வலுவலகத்தின் உத்தரவைப் பொறுத்ததாகிவிடுகிறது.

இத்துறையில் வழக்காடுவோருள் ஒரு தனி வகையினர் உண்டு. 1933-இல் நிறுவப்பெற்று இன்று மாதுங்காவில் நடைபெறும் இரசாயனத் தொழில்நுட்ப நிலையம் போன்ற இடங்களில் பயின்று, சில காலம் ஆய்வுக்கூடத்தில் உழைத்து, பின்னர் சட்டம் கற்றவர்கள் இவர்கள். காப்புரிமை முகவர் தேர்வை எழுத அறிவியல், பொறியியல் அல்லது தொழில்நுட்பப் பட்டம் வேண்டும் எனச் சட்டம் விதிக்கிறது. சட்டப் பட்டம் வேண்டுவதில்லை. ஆதலின் விஞ்ஞானிக்கு முதற் கதவு எளிதில் திறக்கிறது. இவர்களுள் சிலர் சொலிசிட்டர் பட்டத்தையும் நாடுவர். அது பம்பாய் தனியே பேணிவரும் பழைய வழக்கம். வழக்கறிஞர்களை இரு வகுப்பாகப் பிரித்த முறை 1970-களில் சட்டத்தால் நீக்கப்பட்ட பின்னரும், 1894-இல் தோன்றிய பம்பாய் இன்கார்ப்பரேட்டட் லா சொசைட்டி அத்தேர்வை நடத்தி வருகிறது. அதன் கடுமை பெயர்பெற்றது.

இரசாயனம் அறிந்த சட்ட வல்லுநர் எதற்கு என்று வினவுவோர்க்கு, 1968-இல் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் தீர்ந்த ஒரு வழக்கைக் காட்டலாம். நீரிழிவு நோய்க்கான டால்பூட்டமைடு என்னும் மருந்தின் செய்முறைக்கு ஜெர்மனியின் ஹெக்ஸ்ட் நிறுவனம் காப்புரிமை பெற்றிருந்தது. யூனிகெம் நிறுவனமோ, பரேலிலுள்ள ஹாஃப்கின் ஆராய்ச்சி நிலையம் கண்ட முறையில் அம்மருந்தைத் தயாரித்தது. தயோயூரியா வகையைச் சேர்ந்த ஒரு பொருளிலிருந்து கந்தகத்தை நீக்கும் வழி ஹெக்ஸ்டின் உரிமைக்குள் அடங்குமா, அடங்காதா என்பதே வழக்கின் உயிர்நிலை. அடங்கும் எனத் தீர்ப்பாயிற்று. ஒரு மூலக்கூறிலிருந்து ஓர் அணு வெளியேறும் விதம் ஒரு தொழிற்சாலையின் விதியை நிர்ணயித்தது!

இதற்குமுன், 1959-இல், சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி என். ராஜகோபால ஐயங்கார் காப்புரிமைச் சட்டத்தை ஆராய்ந்து மத்திய அரசுக்கு ஓர் அறிக்கை அளித்திருந்தார். அதன் அடிப்படையில் எழுந்த 1970-ஆம் ஆண்டுச் சட்டம் 1972-இல் அமலுக்கு வந்தது. மருந்துப் பொருளுக்கு உரிமை இல்லை, செய்முறைக்கு மட்டுமே உண்டு என அது வகுத்தது. இந்நாட்டின் மருந்துத் தொழில் வளர்ந்தது இந்நிழலில்தான். 2005 ஜனவரி 1 முதல், உலக வர்த்தக அமைப்பின் உடன்படிக்கைக்கு இணங்க, பொருளுக்கும் உரிமை மீண்டது. ஆயினும் 3-ஆம் பிரிவின் 'டி' என்னும் உட்பிரிவு ஒரு தடையை வைத்தது: அறிந்த பொருளின் புதிய வடிவம், அதன் அறியப்பட்ட பயனைப் பெருக்கினாலன்றி உரிமைக்குரியதன்று. அப்பயன் மருந்தைப் பொறுத்தவரை நோய் தீர்க்கும் பயனே என்று நோவார்ட்டிஸ் வழக்கில் 2013 ஏப்ரல் 1 அன்று உச்சநீதிமன்றம் விளக்கியது.

இவ்விதி காசநோய்க்கு எவ்வாறு பொருந்தியது என்பது ஆசிரியர்கள் வகுப்பில் எடுத்துரைக்கத் தக்கது. பெடாக்குவிலின் என்பது, வழக்கமான மருந்துகளுக்கு அடங்காத காசநோய்க்கு வாய்வழியே கொடுக்கும் மாத்திரை. கிருமி தன் ஆற்றலை உற்பத்தி செய்துகொள்ள உதவும் நொதியை அது முடக்குகிறது. அது பரவலாகக் கிட்டுவதற்கு முன், நோயாளிகள் பல மாதங்கள் ஊசிமருந்துகளை ஏற்கவேண்டியிருந்தது. அவ்வூசிகளால் செவிப்புலனை இழந்தோர் பலர். மும்பையின் நந்திதா வெங்கடேசனும் தென்னாப்பிரிக்காவின் ஃபுமேசா டிசிலேயும் அவ்வாறு இழந்தவர்களே. ஜான்சன் அண்டு ஜான்சன் நிறுவனம் பெடாக்குவிலினின் ஃபியூமரேட் உப்புக்குத் தனியாக உரிமை கோரியபோது, இவ்விருவரும் 2019-இல் மும்பை அலுவலகத்தில் எதிர்ப்பு மனு அளித்தனர்.

மனுவில் அடங்கிய அறிவியல் பள்ளிக்கூட அளவில் விளங்கக் கூடியதே. அம்மோனியா ஒரு காரம். ஹைட்ரோகுளோரிக் அமிலத்துடன் கூடினால் நவச்சாரம் என்ற உப்பாகிறது. பெடாக்குவிலின் மூலக்கூறிலும் அம்மோனியாவை ஒத்த நைட்ரஜன் தொகுதி ஒன்று உண்டு. ஆதலின் அதுவும் அமிலத்துடன் கூடி உப்பாகும். மருந்தின் கரைதிறனைச் சீராக்க உப்பாக்குதல் மருந்தியலார் நெடுங்காலம் கையாளும் வழி; ஃபியூமரிக் அமிலமும் அதற்கு அறியாததன்று. இதில் புத்தாக்கம் எங்கே என்பதுதான் கேள்வி. 2023 மார்ச் 23 அன்று மும்பை அலுவலகம் நிறுவனத்தின் விண்ணப்பத்தை நிராகரித்தது. மூல மருந்தின் உரிமை அவ்வாண்டு ஜூலையில் முடிவுற்றது. உப்புக்கு உரிமை கிடைத்திருப்பின் தனியுரிமை 2027 வரை நீண்டிருக்கும்.

இதே மும்பையில்தான் 2012 மார்ச் 9 அன்று, பேயர் நிறுவனத்தின் புற்றுநோய் மருந்தாகிய சொராஃபெனிப்பைத் தயாரிக்க ஹைதராபாத்தின் நாட்கோ நிறுவனத்துக்கு, நாட்டின் முதற் கட்டாய உரிமம் வழங்கப்பட்டது. மாதத்துக்கு 2,80,428 ரூபாயாக இருந்த சிகிச்சைச் செலவு, நாட்கோவின் மருந்துக்கு 8,880 ரூபாய் என விதிக்கப்பட்டது. இங்கு வாதம் மூலக்கூறைப் பற்றியதன்று, விலையையும் கிடைக்கும் அளவையும் பற்றியது. எனவே இதனை விரிக்கவேண்டுவதில்லை.

எதிர்ப்பு மனு பற்றிக் களப்பணியாளர் அறியவேண்டிய நடைமுறை ஒன்றுண்டு. விண்ணப்பங்கள் வெள்ளிக்கிழமைதோறும் காப்புரிமை அலுவலக இதழில் வெளியாகின்றன. உரிமை வழங்கப்படுமுன் எவரும் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். வெளியீட்டிலிருந்து ஆறு மாதம் கழியுமுன் உரிமை வழங்குதல் கூடாது. 2024 மார்ச்சில் திருத்தப்பட்ட விதிகளின்படி, மனு ஏற்கத்தக்கதா என்பதை அதிகாரி முதலில் ஆராய்வார். முன்னர் இல்லாத கட்டணமும் இப்பொழுது உண்டு.