தகவல் துளி: மாயக்கால் சுந்தரம்

  

சிங்கப்பூர்க் காற்பந்தில் பேர் வாங்கிய நம்மவர் என்றால் வி. சுந்தரமூர்த்தியைச் சொல்லாமல் முடியாது. ரசிகர்களுக்கு அவர் வெறும் ‘சுந்தரம்’. பந்தைக் காலோடு ஒட்டிக்கொண்டு, எதிராளியை இடமா வலமா என்று திணறடித்து நழுவிப் போவார். சுவிட்சர்லாந்தின் பாசெல் குழுவிலும் ஆடியவர்.

1993. காலாங் தேசிய விளையாட்டரங்கம். மலேசிய லீக்கில் சிங்கப்பூருக்கு எதிரே புருணை. கோல் கம்பத்துக்கு முதுகைக் காட்டி, அந்தரத்தில் மல்லாந்து, தலைக்கு மேலே காலைச் சுழற்றினார் சுந்தரம். பந்து வலைக்குள்! ‘பைசிக்கிள் கிக்’ என்றாலே மூத்த ரசிகர்கள் இன்றும் பேசுவது அந்தக் கோலைத்தான். சிங்கப்பூர் மண்ணில் விழுந்த கோல்களில் அதற்கு ஈடு கிடையாது என்றே சொல்வேன்.

பயிற்றுநராகவும் சாதித்தார். அவர் வழிநடத்திய சிங்கப்பூரின் லயன்ஸ் ட்வெல்வ் அணி 2013இல் மலேசிய சூப்பர் லீக் கிண்ணத்தை வென்றது. 2016 முதல் 2018 வரை தேசிய அணியின் பொறுப்பும் அவரிடம் இருந்தது.

அந்தப் பைசிக்கிள் கிக் கோலின் காட்சி இணையத்தில் கிடைக்கிறது. காற்பந்து ஆசையுள்ள உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இன்றே போட்டுக் காட்டுங்கள்.