தொலைவிலிருந்து ஒரு துணை

கை கால் தளர்ந்தோரைப் பேணும் இல்லங்களில் இரவு நெடியது. எழ முயன்று விழுந்துவிடுவாரோ, விழுந்தால் குரல் கேட்குமோ என்னும் அச்சத்தில் உம்மாவோ மருமகளோ அரைத்தூக்கத்திலேயே விடியலைக் காண்பர். மகன் கடல் கடந்த நாட்டில் பொருளீட்டுபவனாயின் அவன் கவலை இன்னும் பெரிது. இத்தகையோர்க்குச் சிறு கருவிகள் சில இன்று ஓரளவு துணை நிற்கின்றன.

உடலின் அசைவை அளக்கும் நுண்ணிய உணரிகள் கைப்பேசியிலும் கைக்கடிகாரத்திலும் பொருத்தப்படுகின்றன. 2018-இல் ஆப்பிள் நிறுவனம் தன் நான்காம் வரிசைக் கடிகாரத்தில், விழுதலைக் கண்டறியும் வசதியைச் சேர்த்தது. அணிந்தவர் பலமாக விழுந்தால் அது மணிக்கட்டைத் தட்டி எச்சரிக்கும். ஏறத்தாழ ஒரு நிமிடம் அவர் அசையாதிருப்பின், அவசர உதவி எண்ணைத் தானே அழைக்கும். முன்னரே பதிந்த உறவினருக்கு இருப்பிடத்தையும் தெரிவிக்கும். அகவை 55 நிறைந்தவர் எனப் பதிந்தால் இவ்வசதி தானாக இயங்கும். விபத்தில் உடல் தளர்ந்த இளைஞருக்கு வாங்குவோர், இதனைத் தாமே இயக்கி வைக்க மறத்தலாகாது.

நடுக்குவாதம் எனப்படும் பார்க்கின்சன் நோய்க்கு வேறொரு பயன் உண்டு. மருந்துண்ட சில மணி நேரம் உடல் இசைந்து கொடுக்கும். வீரியம் குறையுங்கால் பாதங்கள் தரையில் ஒட்டியவை போல் நின்றுவிடும். சில மாதங்களுக்கு ஒருமுறை, சில நிமிடங்களே பார்க்கும் மருத்துவர் இவ்வேற்றத்தாழ்வை எங்ஙனம் அறிவார்? 2015-இல் அமெரிக்காவில் தொடங்கிய ‘எம்பவர்’ ஆய்வில், நோயாளிகள் மருந்துக்கு முன்னும் பின்னும் தம் இல்லத்திலேயே கைப்பேசித் திரையை விரல்களால் மாறிமாறித் தட்டினர். சில அடிகள் நடந்தனர். ‘ஆ’ என நீட்டி ஒலித்தனர். அப்பதிவுகள் ஆய்வாளர்களைச் சென்றடைந்தன.

குறைகளும் உள. எல்லா வீழ்ச்சியையும் கருவி உணர்ந்துவிடாது. மின்னேற்றம் தீர்ந்தாலோ, தொடர்பு அறுந்தாலோ அதனால் பயனில்லை. வுளூவுக்கும் குளியலுக்கும் கழற்றியவர் மீண்டும் அணிய மறப்பதுண்டு. குளியலறையோ வழுக்கி விழக்கூடிய இடம்.

யாவற்றினும் முதன்மையானது அவரது இசைவு. உடல் தளர்ந்ததால் ஒருவரின் விருப்பும் மறைவும் இல்லாதொழிவதில்லை. எதைக் கண்காணிக்கிறோம், யார் அதைப் பார்ப்பர் என விளக்கிய பின்னரே அணிவியுங்கள். தொலைநாட்டு மகனின் எண்ணோடு அடுத்த வீட்டாரின் எண்ணையும் பதிந்து வையுங்கள். செய்தி கிடைத்ததும் ஓடிவந்து தூக்கக்கூடியவர் அவரே.