வரப்புப் பொந்தில் பெருஞ்சிலந்தி

போன ஐப்பசியில், மழை விட்ட ஒரு ராத்திரி, மோட்டார் கொட்டகைச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மயிர்ச்சிலந்தி. பயத்துல செருப்பால அடிச்சிட்டேன். அப்புறம்தான் உத்துப் பார்த்தேன்.

அது ஆண். வாய்க்குப் பக்கத்துக் குட்டைக் கைகளின் நுனி குமிழாக இருந்தால் பருவமடைந்த ஆண். பெண்ணை, உரிச்சுப் போட்ட சட்டையில் கண்டுபிடிக்கலாம்: வயிற்றின் உட்புறம், முன் ஜோடி நுரையீரல்களுக்கு நடுவே விந்துப்பை தெரியும். ஆண் துணை தேடி அலைந்து சில மாதங்களில் செத்துப்போகும். பெண் பத்து வருஷத்துக்கு மேலேயும் வாழும்.

"ஒண்ணைப் பிடிச்சு வளர்க்கலாம்ப்பா" என்றான் மகன். வளர்ப்பவர்கள், வளை தோண்டும் இனத்துக்கு ஆழமாக மண் போடுறாங்க. மரத்தில் வாழும் இனத்துக்கு உயரமான பெட்டி, மரப்பட்டை. சின்னத் தண்ணீர்க் கிண்ணம் போதும். விளக்கு வேண்டாம், இருட்டு உயிர் அது, பல்புச் சூடு ஈரத்தைக் காயவைத்துவிடும்.

"மண், ஈரம், இருட்டு எல்லாம் நம்ம வரப்பிலேயே இருக்கேடா" என்றேன்.

திருவாலங்காடு வழியாக மும்பை போகும் ரயில் பாதையில்தான் ஆந்திராவின் குத்தி இருக்கு. அங்கே ரயில்வே மரக்கிடங்கில் கிடைத்த நீலச் சிலந்தியை 1899இல் போகாக் உலகுக்குச் சொன்னார். இன்று பல நாட்டுப் பெட்டிகளில் அது வளருது. காட்டிலோ அழிவின் விளிம்பில். பொந்துள்ள கிழமரங்கள் போனதும் ஒரு காரணம்.

ஆலங்காடுன்னு பேர் வெச்ச ஊர்க்காரங்க நாம. பொந்து மரத்தை விட்டுவையுங்க, வரப்பைக் கொளுத்தாதீங்க. சிலந்தியைக் கையில் எடுக்காதீங்க. கடிச்சா கடுமையா வலிக்கும். செருப்பையும் எடுக்காதீங்க. பூச்சிக்கு மருந்தடிக்காத நமக்கு அதுவும் ஒரு கூலியில்லா ஆள்.