'இனெவிடப்ளி' என்றால் என்ன?

போன மாதம் என்னை நன்றாக மாட்டிவிட்ட ஒரு ஆங்கிலச் சொல்லைப் பற்றி இந்த இதழில் எழுதுகிறேன். அந்தச் சொல் 'இனெவிடப்ளி'.

பொருள்: தவிர்க்க முடியாதபடி. நம் பேச்சில் சொன்னால், 'என்ன பண்ணாலும் அது நடந்தே தீரும்'. இலக்கணப்படி இது அட்வெர்ப், அதாவது வினையடை. 'இனெவிடபிள்' என்ற பெயரடையில் கடைசி எழுத்தான இ-யை எடுத்துவிட்டு ஒய் போட்டால் இந்தச் சொல் வந்துவிடும். சொல்லும்போது 'னெ' என்ற இடத்தில் அழுத்த வேண்டும்.

இது இலத்தீன் மொழியிலிருந்து வந்த சொல். அங்கே 'எவிட்டாரே' என்றால் விலகித் தப்பிப்பது. முன்னால் இருக்கும் 'இன்' இல்லை என்று மறுக்கிறது. ஆக, தப்பிக்க வழியே இல்லாதது என்று அர்த்தம்.

வாக்கியத்தில் இது பல நேரம் 'வில்' என்பதற்கு அடுத்து வரும். உதாரணம்: ஐஸ் இன் தி சன் வில் இனெவிடப்ளி மெல்ட். வெயிலில் வைத்த ஐஸ் உருகியே தீரும். வாக்கியத்தின் தொடக்கத்திலும் வரலாம். அப்போது பக்கத்தில் ஒரு கமா போட வேண்டும். உதாரணம்: இனெவிடப்ளி, இட் ரெயின்ட் ஆன் ஸ்போர்ட்ஸ் டே. 'நினைச்ச மாதிரியே விளையாட்டு விழா அன்னைக்கு மழை கொட்டிருச்சு' என்று நாம் அலுத்துக்கொள்வோமே, அந்தத் தொனி இதில் இருக்கிறது.

இந்தச் சொல்லில் நாம் செய்யும் தவறுகள் இரண்டு.

முதல் தவறு லீவ் லெட்டரில். 'தவிர்க்க முடியாத காரணத்தால் வர இயலவில்லை' என்பதற்கு 'இனெவிடப்ளி' போடக் கூடாது. அங்கே 'அன்அவாய்டப்ளி' தான் சரி. தமிழில் இரண்டுக்கும் 'தவிர்க்க முடியாத' என்றே சொல்வதால்தான் இந்தக் குழப்பம். வர முடியாமல் போனதற்குக் காரணம் சொல்ல 'அன்அவாய்டப்ளி'. ஒன்று நடந்தால் அதன் விளைவாக இன்னொன்று நடந்தே தீரும் என்று சொல்ல 'இனெவிடப்ளி'.

இரண்டாவது தவறு நான் செய்தது. 'மை ஆம்பிஷன்' கட்டுரையில் நர்ஸ் ஆக ஆசை என்று ஒரு பக்கம் எழுதினேன். கடைசி வரியில், 'பட் ஐ வில் இனெவிடப்ளி ஸ்டாப் மை ஸ்டடீஸ் ஆஃப்டர் டென்த்' என்று முடித்தேன். பெரிய வார்த்தை போட்டிருக்கிறேன், மிஸ் 'குட்' போடுவார் என்று நினைத்தேன். மிஸ் அந்தச் சொல்லைச் சிவப்பு மையில் வட்டம் போட்டுவிட்டு ஸ்டாஃப் ரூமுக்கு வரச் சொன்னார்.

"ஏம்மா, பத்தாவதோட நிறுத்திருவாங்களா?"

"ஆமா மிஸ். எங்க அக்காவும் பத்தாவதோட நின்னுட்டு மில்லு வேலைக்குத்தான் போகுது."

"உன்னையும் நிறுத்தப் போறோம்னு வீட்ல சொன்னாங்களா?"

"இல்ல மிஸ்."

"நீ மேல படிக்கணும்னு கேட்டியா?"

"இல்ல மிஸ்."

"யாரும் சொல்லல, நீயும் கேக்கல. அப்புறம் எப்படி இந்த வார்த்தைய போட்ட? ஐஸ் உருகுறதும் நீ படிப்ப நிறுத்துறதும் ஒண்ணா?"

எனக்குப் பதில் வரவில்லை. மிஸ் இரண்டு சொல்லையும் அடித்துவிட்டு, மேலே 'மே' என்று எழுதினார். ஐ மே ஸ்டாப், அதாவது நிறுத்தலாம், நிறுத்தாமலும் இருக்கலாம். "நிச்சயமா தெரிஞ்சா 'சர்ட்டன்லி' போடு. அனேகமா நடக்கும்னா 'ப்ராபப்ளி' போடு. யாராலயும் தடுக்கவே முடியாதுன்னாதான் இந்த வார்த்தை" என்றார்.

திருவள்ளுவரும் 38ஆம் அதிகாரத்தில் ஊழைப் பற்றிச் சொல்லிவிட்டு, 62ஆம் அதிகாரத்தில் ஆள்வினையுடைமை என்று முயற்சியைப் பற்றியும் பத்துக் குறள் எழுதியிருக்கிறார். அதைத் தமிழ் ஐயா சொன்னபோது மார்க்குக்காகத்தான் படித்தேன்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது அப்பாவிடம் கேட்டேன். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "மார்க் வரட்டும், பாப்போம்" என்றார். அக்கா மட்டும், "நீ படி, நான் பாத்துக்கறேன்" என்றாள். ஆக, இன்னும் 'மே' தான். ஆனால் 'இனெவிடப்ளி' இல்லை.

இப்போது உங்களுக்கு ஒரு பயிற்சி. எந்த வாக்கியத்தில் 'இனெவிடப்ளி' பொருந்தும்?

1. மேலே எறிந்த கல் கீழே விழும்.
2. நம் டீம் நாளை தோற்கும்.
3. காய்ச்சல் காரணமாக நான் நேற்று வரவில்லை.
4. கணக்கில் நான் ஃபெயில் ஆவேன்.

விடை: முதல் வாக்கியத்தில் மட்டும். மூன்றாவதில் 'அன்அவாய்டப்ளி' வரும். இரண்டிலும் நான்கிலும் 'இனெவிடப்ளி' போடுவதற்கு முன்னால், என்னை மாதிரி இல்லாமல், ஒரு தடவை யோசியுங்கள்.

– 10ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி