92 போதுமா, 95 வேண்டுமா?

நம் நாட்டில் 92, 95 ஒக்டேன் பெற்றோல் வகைகள் விற்கப்படுகின்றன. விலை கூடியது வலுவிலும் கூடியதென எண்ணி, குடும்பச் செலவுக்கான பணத்தை அதற்கு இறைப்போர் பலர்.

ஒக்டேன் எண் பெற்றோலின் வலுவை அளப்பதன்று. அமுக்கத்தைத் தாங்கும் பொறுமையை அளப்பது. எஞ்சினின் உருளைக்குள் பெற்றோல் ஆவியும் காற்றும் கலந்து அமுக்கப்படுகின்றன. தீப்பொறியால் எழும் சுடர் ஒழுங்காகப் பரவவேண்டும். சுடர் எட்டுமுன்னரே எஞ்சிய கலவை தானாக வெடித்தால் சுத்தியலால் தட்டுவது போன்ற ஓசை கேட்கும். இது நீடிப்பின் முசலமே பழுதுறும். எளிதில் இவ்வாறு வெடிக்கும் ஹெப்டேனுக்கு 0, தாங்கி நிற்கும் ஐசோ ஒக்டேனுக்கு 100 எனக் கொண்டு, இவ்விரண்டின் கலவையோடு ஒப்பிட்டே பெற்றோலுக்கு எண் இடுகின்றனர். இரசாயனம் பயிலும் மாணவர் இதனை மனத்திற் கொள்வாராக.

ஆகவே 92 போதுமான காருக்கு 95 ஊற்றுவதால் வேகம் கூடுவதில்லை. ஆயினும் அமுக்க விகிதம் மிகுந்த எஞ்சின்களின் கதை வேறு. 95 வேண்டுமென உற்பத்தியாளர் விதித்திருக்க, 92 ஊற்றுவது சிக்கனமன்று. இக்காலத்து எஞ்சின் அவ்வோசையை உணர்ந்து, தீப்பொறியைத் தாமதித்துத் தன்னைக் காத்துக்கொள்ளும். ஆனால் வலுக் குன்றும், பெற்றோலும் கூடுதலாகச் செல்லக்கூடும்.

எனவே நாம் பார்க்கவேண்டியது வண்டியோடு வந்த கைந்நூலை. ஜப்பானில் சாதாரணப் பெற்றோலுக்கு விதிக்கப்பட்ட ஆகக்குறைந்த எண் 89. அதற்கென அமைந்து இங்கு வந்த வண்டிக்கு 92 தாராளம். கைந்நூல் ஜப்பானிய மொழியில் இருக்குமாயின், வாசிக்கத் தெரிந்த ஒருவரைத் தேடிப் பிடிப்பது மாதந்தோறும் 95 ஊற்றுவதிலும் மலிவு.