முனகலும் சீறலும்

பழைய அனலாக் மிக்ஸர் பழுதாகிவிட்டால் ஸ்க்ரூடிரைவரைத் தேடும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. எல்லா ஃபேடரையும் இறக்கிவிட்டு, மைக் எதையும் செருகாமல், ஸ்பீக்கரில் மிச்சமிருக்கும் இரைச்சலைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். பழுது எங்கே இருக்கிறது என்பதை அந்த இரைச்சலே பாதிக்குமேல் சொல்லிவிடும்.

மாரிகுப்பத்தில் சவுண்ட் சர்வீஸ் நடத்தும் அண்ணன் ஒருவரிடம் 16 சேனல் மிக்ஸர் ஒன்று இருக்கிறது. திருவிழா, கல்யாண ஆர்க்கெஸ்ட்ரா, மாதா கோயில் தேர் என்று கோலார் தங்கவயலின் லைன் வீடுகளுக்கு நடுவே பல வருஷம் உழைத்த பெட்டி. அதில் இடைவிடாத முனகல். "கண்டென்சர் எல்லாத்தையும் மாத்திடலாமாண்ணே?" என்று கேட்டேன். "இரு தம்பி, எந்த முனகல்னு முதல்ல கேளு" என்றார். அவர் சொன்னதில் நல்ல இயற்பியல் இருந்தது.

நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைகிறது. மிக்ஸரின் பவர் சப்ளையில் உள்ள நான்கு டயோடுகள், கீழ்நோக்கிப் போகும் பாதி அலையையும் மேல்நோக்கி மடித்துவிடுகின்றன. ஆகவே 50 அலை 100 மேடுகளாகிறது. மேடுகளுக்கு இடையிலான பள்ளங்களை நிரப்புவதற்குத்தான் பெரிய ஃபில்டர் கண்டென்சர்கள். அவை வறண்டால் பள்ளம் நிரம்பாது. 100 ஹெர்ட்ஸ் முனகல் வெளியே கேட்கும். எர்த் இரண்டு வழியாகச் சுற்றினாலோ, கேபிளின் வெளிவலை அறுந்தாலோ, டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலம் உள்ளே புகுந்தாலோ வருவது பெரும்பாலும் 50 ஹெர்ட்ஸ். இரண்டுக்கும் இடைவெளி சரியாக ஒரு ஸ்தாயி. பேஸ் கிடார் இருந்தால் மீட்டரே வேண்டாம். அதன் மெல்லிய தந்தியை விரல் வைக்காமல் மீட்டினால் 98 ஹெர்ட்ஸ்; தடித்த தந்தியின் மூன்றாம் கட்டத்தில் 49. முனகல் எதோடு சேருகிறது என்று பார்த்தால் போதும். 1902-லேயே காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து கம்பி இழுத்து மின்சாரம் வாங்கிய ஊரில், மின்சாரத்தின் குரலைச் சுருதி பார்த்துப் பிரிப்பது எனக்குப் பிடித்திருந்தது.

எங்கள் மிக்ஸர் முனகியது மேல் ஸ்தாயியில். குற்றவாளி கண்டென்சர்தான். அந்தச் சிறு உருளைக்குள் அலுமினியத் தகடும் திரவத்தில் நனைத்த காகிதமும் சுருட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. மின்சாரத்தைத் தடுத்து நிறுத்துவது காகிதம் அல்ல, தகட்டின் மேல் வளர்த்தெடுத்த ஆக்சைடு படலம். தலைமுடியின் தடிமனில் சுமார் ஆயிரத்தில் ஒரு பங்குதான் இருக்கும். வருஷங்கள் போகப் போக ரப்பர் அடைப்பு வழியே திரவம் ஆவியாகிக் கசிகிறது. வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். அதனால் ரெகுலேட்டரின் சூட்டுக்குப் பக்கத்தில் இருப்பவையே முதலில் சாகின்றன. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கண்டென்சரில் மின்னூட்டம் நிற்கும். ஒரு ரெசிஸ்டர் வழியாக அதை இறக்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

முனகல் போனதும் அடுத்தது தெரிந்தது: எட்டாவது சேனல் ஊமை. இங்கே மிக்ஸர் நமக்குச் செய்யும் பெரிய உபகாரம், ஒரே சர்க்யூட்டை வரிசையாகப் பதினாறு முறை வைத்திருப்பதுதான். சரியான விடை பக்கத்துச் சேனலிலேயே இருக்கிறது. ஏழிலும் எட்டிலும் 1000 ஹெர்ட்ஸ் சத்தம் ஒன்றை அனுப்பி, பாதையின் நடுவில் தொட்டுப் பார்த்தோம். அங்கே இரண்டிலும் வந்தால் பழுது பின்பாதியில். எட்டில் வராவிட்டால் முன்பாதியில். கிடைத்த பாதியை மறுபடியும் பாதியாக்கினால், 16 கட்டங்கள் உள்ள பாதையிலும் நான்கு சோதனையில் பழுதைப் பிடித்துவிடலாம். எங்கள் தேடல் போய் நின்ற இடம் இன்ஸர்ட் ஜாக். எதையும் செருகாதபோது அதற்குள் இரண்டு உலோக நாக்குகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். பாடலின் சிக்னல் அந்தத் தொடுதல் வழியாகத்தான் கடக்கிறது. அங்கே கறுப்புப் பூத்திருந்தது. வெறும் பிளக்கைச் சில தடவை செருகி உருவியதும் சேனல் பேசிவிட்டது. பிறகு கிளீனர் போட்டுத் துடைத்தோம்.

ஃபேடர்களை நகர்த்தும்போது எழும் கரகரப்புக்கு இந்த ஊரே ஒரு காரணம். சுரங்கத்திலிருந்து எடுத்த பாறையை மாவாக அரைத்துத் தங்கம் பிரித்தபின் கொட்டிய சயனைடு மேடுகள் சுற்றிலும் நிற்கின்றன. காற்றடிக்கும் மாதங்களில் அந்த மண் வீட்டுக்குள்ளும் பெட்டிக்குள்ளும் வருகிறது. கெட்டியான குவார்ட்ஸ் துகள் அது. ஃபேடரின் மெல்லிய கார்பன் பாதையை அராவும். ஆனால் எல்லாக் கரகரப்பும் தூசி அல்ல. ஃபேடருக்கு முன்னால் உள்ள கண்டென்சர் பழுதாகி டி.சி. கசிந்தாலும் இதே சத்தம்தான் வரும். துடைத்த கொஞ்ச நேரத்திலேயே கரகரப்பு திரும்பினால் மல்டிமீட்டரை எடுக்க வேண்டும்.

எல்லாம் முடிந்தபின் மிச்சமிருந்தது மெல்லிய சீறல், 'ஸ்ஸ்ஸ்' என்று. எந்த உதிரிபாகத்தை மாற்றினாலும் அது முழுவதும் போகாது. 1920-களில் பெல் ஆய்வகத்தில் ஜான் ஜான்சன் இதை அளந்தார். 1928-ல் ஹாரி நைக்விஸ்ட் விளக்கினார். எந்தக் கடத்தியிலும் எலக்ட்ரான்கள் வெப்பத்தால் ஓயாமல் ஆடுகின்றன. அந்த ஆட்டமே சின்ன வோல்டேஜாக வெளிவருகிறது. 200 ஓம் மைக் ஒன்றில், அறை வெப்பத்தில், காது கேட்கும் அலைவரிசை முழுவதிலும் சேர்த்து அது ஒரு மைக்ரோவோல்ட்டில் கால் பங்கு. அருகில் நின்று பேசுகிறவரின் குரல் அதே மைக்கில் ஒரு மில்லிவோல்ட் அளவில் வரும். அதை ஆயிரம் மடங்கு பெருக்கும்போது எலக்ட்ரான்களின் ஆட்டமும் கூடவே பெருகிவிடுகிறது. சீறலைப் பாதியாக்க வேண்டுமானால் மைக்கை மைனஸ் 198 டிகிரிக்குக் குளிர்விக்க வேண்டும். வெப்பம் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை இங்கே காதாலேயே கேட்க முடிகிறது.

இதே சிக்கலோடு மாரிகுப்பத்துக்குப் பக்கத்திலேயே, சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழத்தில், வேறு சிலரும் மல்லாடினார்கள். டாட்டா ஆராய்ச்சி நிலையம், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகம், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகம் சேர்ந்து நியூட்ரினோவைத் தேடிய சோதனை அது. விண்வெளியிலிருந்து பொழியும் கதிர்களின் இரைச்சலைத் தவிர்க்க அவர்கள் பூமிக்குள் இறங்கினார்கள். 2,760 மீட்டர் ஆழத்தில் கருவிகளை வைத்தபோது சுமார் இரண்டு மாதத்தில் அந்தக் கதிர்களில் வரும் மியுவான் துகள் ஒன்றுகூடப் பதிவாகவில்லை. பிறகு ஏறக்குறைய 2,300 மீட்டரில் நியூட்ரினோ கருவிகளை நிறுவி, 1965-ல் வளிமண்டல நியூட்ரினோவின் தடத்தை உலகில் முதன்முதலாக அறிவித்தவர்களில் இடம்பெற்றார்கள்.

பாறை வெளி இரைச்சலைத் தடுத்தது. உள்ளேயிருக்கும் இரைச்சலைத் தடுக்காது. அந்தக் கருவிகளில் ஒளியைப் பிடிக்கும் ஃபோட்டோமல்டிபிளையர் குழாய்கள் முழு இருட்டிலும், வெப்பத்தால் எலக்ட்ரான் உதிர்ந்து, பொய்த் துடிப்பு தரும். மிக்ஸரில் சீறும் அதே வெப்பம். அவர்கள் செய்தது: எதிரெதிராக இரண்டு சுவர்களாகக் கருவிகளை நிறுத்தி, இரண்டும் ஒரே கணத்தில் துடித்தால் மட்டும் கணக்கில் எடுத்தார்கள். மைக் கேபிளிலும் இரண்டு கம்பிகள் உண்டு, ஆனால் வேலை நேரெதிர். வெளியிலிருந்து வரும் முனகல் இரண்டிலும் ஒன்றுபோல ஏறுவதால், ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் அது போய்விடும். பொதுவான இரைச்சலைக் கழித்து நீக்கலாம். தனித்தனியாக எழும் இரைச்சலை, இரண்டும் ஒத்துச் சொல்கிறதா என்று பார்த்துத்தான் நீக்க முடியும். எனக்குத் தெரிந்த அழகான எண்ணங்களில் இது ஒன்று.

மிக்ஸரிலும் ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத சீறல்கள் கூடும்போது வர்க்கமூலக் கணக்கில்தான் கூடும். 16 சேனல் திறந்திருந்தால் சீறல் 16 மடங்கு ஆகாது, நான்கு மடங்குதான். அதுவும் ஏன்? பயன்படுத்தாத சேனல்களை மியூட் செய்துவிடலாம். அண்ணனின் மிக்ஸரில் மைக்குப் பதிலாக 200 ஓம் ரெசிஸ்டரைச் செருகி ஒவ்வொரு சேனலாக அளந்தோம். நான்காவது மட்டும் மற்றவற்றைவிடக் கூடுதலாகச் சீறியது. முதல் கட்டத்து ஆம்ப்ளிஃபையர் ஐசியைக் கழற்றி, சாக்கெட் பற்றவைத்துப் புதியதைப் போட்டோம். இப்போது பதினாறும் ஒரே அளவில் சீறுகின்றன.